வயிற்றில் சூடு, முதுகில் நிழல்: சென்னைக் கொல்லையில் கம்போஸ்ட் குவியலைப் பக்குவமாக வேகவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் கம்போஸ்ட் குவியலை ஒரு மே மாதம் மேற்குச் சுவரோரம் போட்டேன். எங்கள் கொல்லையில் மத்தியானம் தொடங்கிச் சாயங்காலம் வரை வெயில் காய்வது அந்த இடத்தில்தான். "வெயில் நல்லா பட்டாத்தான் சீக்கிரம் மக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். 3 வாரம் கழித்துக் கிளறிப் பார்த்தால் வேப்பிலை வேப்பிலையாகவே இருந்தது. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வாழைப்பழத் தோல் கறுத்துச் சுருண்டு செருப்பு வார் போலக் கிடந்தது. மேலே தொட்டால் சுட்டது, உள்ளே கையை விட்டால் சூடே இல்லை. நான் உரம் போடவில்லை, வற்றல் போட்டிருக்கிறேன்.

வெயிலின் சூடு வேறு, குவியலின் சூடு வேறு. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை இன்னும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு கம்போஸ்ட் குவியல் உண்மையில் சூடேறத் தொடங்குவதே அந்த 45-ல்தான். அதற்கு மேல் வேண்டிய 10, 20 டிகிரியை எந்தக் கத்திரி வெயிலாலும் தர முடியாது. அது குவியலின் வயிற்றுக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

மழையில் நனைந்த வைக்கோல் போரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே கை வைக்க முடியாது, ஆவி பறக்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்று, மூச்சுவிட்டு, பெருகும்போது வெளியாகிற சூடு அது. நம் உடம்பு 37 டிகிரியில் இருப்பதும் அதே கணக்குதான். அவற்றுக்குத் தழை வேண்டும், சருகு வேண்டும், ஈரம் வேண்டும், காற்று வேண்டும். அப்புறம் உண்டான சூடு ஓடிப்போகாதபடி குவியலுக்கு ஒரு பருமனும் வேண்டும்.

சுமார் 40 டிகிரி வரை ஒரு கூட்டம் வேலை செய்யும். அதைத் தாண்டினால் அவை ஒதுங்கிக்கொள்ள, வெப்பத்தை விரும்பும் இன்னொரு கூட்டம் பொறுப்பேற்கும். 55 முதல் 65 வரை நமக்குப் பொன்னான நேரம். 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றாலே நோய்க்கிருமிகள், பெரும்பாலான களைவிதைகள், ஈயின் முட்டைகள் எல்லாம் வெந்துவிடும். 70-ஐத் தாண்டினால் நமக்கு வேலை செய்கிற நுண்ணுயிர்களே செத்துப்போகும்.

சென்னையில் சூட்டை வரவழைப்பது பெரிய விஷயமே இல்லை. மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊர் இது. வந்த சூட்டை நிறுத்தி வைப்பதுதான் பாடு. சூடு ஏற ஏற ஈரம் ஆவியாகும், ஈரம் போனால் நுண்ணுயிர்கள் படுத்துவிடும், குவியல் அப்படியே ஆறிவிடும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: தண்ணீர் காற்றை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், குவியல் குளிர்ந்து நாறும். ஆக, இந்த ஊரில் சூட்டைப் பார்த்துக்கொள்வது என்பது பாதிக்கு மேல் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: இடம்

மாமரத்தடி, முருங்கையடி, இல்லையென்றால் வீட்டின் கிழக்குப் பக்கம். காலை இளவெயில் பட்டால் தப்பில்லை, பிற்பகல் வெயில் படக்கூடாது. மரமே இல்லாத கொல்லையில் நாலு மூங்கில் நட்டு மேலே தென்னங்கீற்றோ பச்சை நிழல்வலையோ கட்டிவிடுங்கள். சுவரை ஒட்டிப் போடாமல் ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். மேற்குச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும், குவியலின் அந்தப் பக்கம் மட்டும் காய்ந்துபோகும். மரத்தண்டையும் ஒட்டக்கூடாது, பட்டை அழுகும்.

தரை எப்படிப்பட்டது என்று பாருங்கள். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடற்கரைப் பக்கத்து மணல் தரையில் நேரே குவியல் போடலாம், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் மாதிரிக் களிமண் தரையில் தண்ணீர் அடியில் நிற்கும். அங்கே உடைந்த செங்கல்லை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒரு மேடை கட்டுங்கள். அடியிலிருந்து காற்றும் ஏறும்.

குழி வெட்டாதீர்கள். ஊரில் தாத்தா எருக்குழி வைத்திருந்தார் என்பது சரிதான், அது மேட்டு நிலம். சென்னையின் பெரும்பகுதி தட்டையான தாழ்நிலம். ஐப்பசியில் அந்தக் குழி குட்டையாகிவிடும். ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்தபோது வகுத்த முறையின் உயிரே அடுக்குவதும் புரட்டிப்போடுவதும்தான். பெங்களூர் முறை என்று சொல்லப்படுவது குழியில் போட்டு மூடி, புரட்டாமல் மாதக்கணக்கில் விடுவது. அதிலும் எரு கிடைக்கும், ஆனால் இங்கே பேசுகிற சூடு அதில் நீடிக்காது.

படி 2: ஒரே நாளில் போடும் அளவுக்குச் சேர்த்து வையுங்கள்

பலருக்கும் சறுக்குவது இங்கேதான். தினமும் ஒரு கிண்ணம் காய்கறித் தோலைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அது மக்கும், மறுக்கவில்லை. ஆனால் சூடேறாது. கால் படி அரிசியை அண்டாவில் போட்டுப் பொங்கவிடுவது மாதிரிதான் அது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடி இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய முக்கால் கன மீட்டர். அதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே உண்டாகிற சூடு பக்கங்கள் வழியாகவே போய்விடும். 5 அடி உயரம் தாண்டினால் நடுவில் காற்று போகாது. நம் வெக்கைக்கு இரண்டரை அடியிலும் சமாளிக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

எங்கள் வீட்டில் 4 பேர். சமையலறைக் கழிவு நாளுக்கு ஒரு கிலோகூடத் தேறாது. அதனால் மூடியுள்ள 2 பக்கெட்டுகளில் கொஞ்சம் கழிவு, கொஞ்சம் மரத்தூள் என்று மாற்றி மாற்றிப் போட்டு 2 வாரம் சேர்ப்பேன். மீதியை வெளியில் திரட்டுவேன். காய்கறிக் கடையில் முட்டைக்கோஸ் மேலிலை, கீரைக்காரம்மாவிடம் விற்காத கட்டு, பழச்சாறு கடையில் தோல், கரும்புச் சாறு வண்டியில் சக்கை, கோவிலில் வாடிய மாலை. மாலையிலிருக்கும் ஜரிகையையும் பிளாஸ்டிக் நூலையும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் மூன்று மாதம் கழித்து உரத்தில் மின்னிக்கொண்டு வரும். ஆயுத பூஜைக்கு மறுநாளும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் தெருவில் வாழைக்கன்று, கரும்புத் தோகை, மஞ்சள் இலை என்று ஒரு குவியலுக்கான தழை சும்மா கிடக்கும். வெட்கப்படாமல் எடுங்கள்.

சருகு வேறு கதை. தை முதல் பங்குனி வரை தெருமரங்கள் கொட்டும். அப்போதே சாக்கில் அமுக்கிக் கட்டி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு பிடி காய்ந்த சருகு கிடைப்பது அபூர்வம், அப்போதுதான் அதற்குத் தேவையும் அதிகம். சாக்குகளைத் தீபாவளிக்கு முன்னால் உள்ளே எடுத்து வைப்பது நல்லது. வழிதவறிய ஒரு ராக்கெட் போதும்.

படி 3: கலவை

தழையில் நைட்ரஜன், சருகில் கார்பன். 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தால் நன்றாகச் சூடேறும். காய்கறிக் கழிவு, பசும்புல், சாணம் ஆகியவற்றில் ஏறக்குறைய 15, 20 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன். சருகில் 50-ஐ ஒட்டி இருக்கும். மரத்தூளில் நூற்றுக்கணக்கில் போகும். இந்தக் கணக்கையெல்லாம் பேப்பரில் போட வேண்டாம். பக்கெட்டால் அளந்தால் போதும்: ஒரு பக்கெட் ஈரத் தழைக்கு 2 பக்கெட் சருகு. மரத்தூள் என்றால் கால் பக்கெட்டுக்கு மேல் வேண்டாம்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. புங்கன், தூங்குமூஞ்சி இலைகள் சின்னவை, சீக்கிரம் இளகும். வேப்பஞ்சருகும் பரவாயில்லை. மாவிலை தடித்தது, மெழுகு பூசியது, நறுக்காமல் போட்டால் அடுத்த வருஷமும் மாவிலையாகவே இருக்கும். நாட்டு வாதாம் இலை தட்டுத்தட்டாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும், மிதித்தாவது உடைக்க வேண்டும். பொதுவாக எதையும் 2 அங்குல அளவுக்கு நறுக்குங்கள். மிக்ஸியில் அரைக்கிற வேலை வேண்டாம். கூழானால் இடைவெளி போய்விடும், இடைவெளி போனால் காற்றும் போய்விடும்.

தேங்காய் நார்த்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோகோபீட் கட்டி வாங்கி மாடித் தொட்டியில் போடுகிறவர்கள் "சூடே வரவில்லையே" என்று கேட்பார்கள். வராது. மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருள் நார்த்தூளில் அதிகம், நுண்ணுயிர்களுக்கு அது கடலை மிட்டாயல்ல, கட்டை. ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளவும் வாடையை அடக்கவும் அதைவிட நல்லது இல்லை. எரிபொருளாக மட்டும் அதை நம்பாதீர்கள். குவியலில் பத்தில் ஒரு பங்கு போடுங்கள். இளநீர் மட்டையை முழுசாகப் போடவே கூடாது. உடைத்து அடி மேடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கிவைக்க என்ன போடுவது? புளித்த மோர், வெல்லக் கரைசல், கடையில் விற்கும் பொடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில், பழைய கம்போஸ்ட் ஒரு கூடை அல்லது பச்சைச் சாணம் ஒரு பக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் தீர்ந்தது. தழையிலும் மண்ணிலும் நுண்ணுயிர் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கிறது. வெல்லம் ஒரு நாள் உற்சாகம் தரும், அவ்வளவுதான். வெல்லம் விற்கிற விலைக்கு அதைப் பாயசத்தில் போடலாம்.

மீன் கழுவிய கழிவு, கோழிக்கழிவு வேண்டாம். குவியல் 60 டிகிரியில் நிற்கும்போது நடுவில் புதைத்தால் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெருச்சாளிக்கும் தெருப் பூனைக்கும் அதுவரை பொறுமை இருக்காது.

படி 4: தண்ணீர்

ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. கையைத் திறந்ததும் உருண்டை நின்று, தட்டினால் உதிர வேண்டும். ஒழுகினால் அதிகம். உருண்டையே பிடிக்கவில்லையென்றால் போதாது. எடையில் பாதிக்குச் சற்று மேல், 50 முதல் 60 சதவீதம் ஈரம் என்று சொல்வது இதைத்தான்.

காய்ந்த சருகின்மேல் குழாயைப் பிடித்தால் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். பார்க்க நனைந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்தே இருக்கும். அதனால் முதல் நாள் இரவே சருகை டிரம்மில் ஊறப்போடுங்கள். டிரம்மை மூடி வையுங்கள். திறந்த தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும், வீடு வீடாக வரும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடற்கரை ஓரத்துப் போர்வெல்கள் பலவற்றில் உப்பு கூடிவிட்டது. குவியல் தண்ணீரை ஆவியாக்கும், உப்பை ஆவியாக்காது. 2 மாதம் தொடர்ந்து ஊற்றினால் கடைசியில் கிடைப்பது உப்பு கலந்த உரம், கீரை முனை கருகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரும் இதே ரகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்வது, அதில் உப்பு கிடையாது. எங்கள் வீட்டில் வெயில் நாளில் ஓர் இரவுக்கு முக்கால் பக்கெட் தேறுகிறது, அது முழுக்கக் குவியலுக்குத்தான். அரிசி களைந்த தண்ணீர் இன்னும் விசேஷம்.

படி 5: அடுக்குதல்

மேடையின்மேல் முதலில் அரை அடிக்குக் குச்சி, முருங்கைக் காம்பு, கரும்புச் சக்கை என்று முரட்டுச் சாமான். நடுவில் ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை நிறுத்துங்கள், அது மூச்சுக்குழல். அப்புறம் 4 அங்குலம் ஊறிய சருகு, 2 அங்குலம் தழை, மேலே ஒரு குவளை சாணக் கரைசல். இப்படியே 3 அடி வரும்வரை. ஒவ்வோர் அடுக்கிலும் பிழிந்து பாருங்கள். கடைசியில் பார்த்தால் திருத்த முடியாது. மிதிக்காதீர்கள், தட்டாதீர்கள். தானாக அமுங்கட்டும்.

அடுக்கி முடித்தபின் எல்லாப் பக்கமும் 3, 4 அங்குலத்துக்குப் பழைய கம்போஸ்ட்டாலோ நார்த்தூளாலோ போர்த்துங்கள். அதன்மேல் நனைத்த கோணிப்பை. இந்தப் போர்வைதான் சூட்டையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைப்பது, ஈயை வெளியே நிறுத்துவதும் அதுவே. பிளாஸ்டிக் தார்ப்பாயை நேரடியாகப் போர்த்தினால் மூச்சு முட்டும். அது மழைக்கு மட்டும், அதுவும் பந்தல் மாதிரி இடைவெளி விட்டு.

படி 6: சூடு பார்த்தல்

நீண்ட கம்பியுள்ள கம்போஸ்ட் தெர்மாமீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கினால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 3 அடி இரும்புக் கம்பியை நடுவயிறு வரை செருகி 10 நிமிடம் விட்டு உருவி, உள்ளே இருந்த முனையைப் பிடித்துப் பாருங்கள். குளிக்கிற வெந்நீர் அளவுக்கு இருந்தால் 40 சொச்சம். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றால் 50, 55. தொட்டதும் கையை உதறினால் 60-ஐத் தாண்டியாச்சு.

விடியற்காலையில் பாருங்கள். மத்தியானம் எல்லாமே சூடாகத்தான் இருக்கும், கம்பியும் பொய் சொல்லும். மூன்று இடத்திலாவது செருகுங்கள்: நடு, ஓரம், அடி. ஒரு பழைய நாட்காட்டியில் தேதிக்கு எதிரே எழுதி வையுங்கள். மூன்றாவது குவியலுக்குள் உங்கள் கொல்லையின் சுபாவம் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும்.

முதல் நாள் ராத்திரியே இளஞ்சூடு தட்டும். இரண்டு, மூன்று நாளில் 55 தொட வேண்டும். நாலாம் நாளும் 45-க்குக் கீழேயே இருந்தால் ஏதோ சரியில்லை, பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் கோணியைத் தூக்கினால் ஆவி பறக்கும், நனைந்த மண்வாசனையோடு லேசாக வைக்கோல் வாடை. அந்த வாசனைக்காகவே அடுத்த குவியல் போடலாம்.

படி 7: புரட்டுதல்

எத்தனை நாளுக்கு ஒருமுறை புரட்டுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளைக் கேட்காதீர்கள், கம்பியைக் கேளுங்கள். உச்சத்துக்குப் போய், இறங்கி, 50-க்குக் கீழே வரும்போது புரட்டுங்கள். சென்னையில் அது முதல் தடவை 4, 5 நாளில் வரும், பிறகு வாரம் ஒருமுறை என்று நீளும். மொத்தம் 4, 5 தடவை.

புரட்டுவது என்றால் கிளறுவது அல்ல. பக்கத்தில் காலி இடம் வைத்துக்கொண்டு, பழைய குவியலின் மேலும் ஓரமும் புதிய குவியலின் நடுவுக்குப் போகும்படி மாற்றி அடுக்க வேண்டும். ஓரத்தில் இருந்தது வேகவே இல்லை, அதில் உள்ள களைவிதையும் புழுவும் உயிரோடுதான் இருக்கும். நகராட்சிகளில் நீளக் குவியல் போடுகிற இடங்களில் 15 நாள் 55 டிகிரிக்கு மேல், அதற்குள் 5 முறை புரட்டல் என்று கணக்கு வைத்திருப்பதன் காரணமும் இதுதான்: எல்லாப் பகுதியும் ஒருமுறையாவது நடுவயிற்றுக்குள் போய்வர வேண்டும்.

புரட்டியதும் சூடு சட்டென்று இறங்கும், பயப்பட வேண்டாம். தின்ன மிச்சம் இருந்தால் ஒரே நாளில் திரும்ப ஏறிவிடும். தண்ணீர் சேர்க்க உகந்த நேரமும் இதுதான். மேலிருந்து ஊற்றுவது நடுவுக்குப் போய்ச் சேராது, ஆனால் புரட்டும்போது தெளிப்பது சேரும். கத்திரியில் விடிந்ததும் 6 மணிக்கே முடித்துவிடுங்கள். காய்ந்த பகுதியிலிருந்து வெள்ளைத் தூள் பறக்கும், அது பூஞ்சை விதை. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

சூடு மிஞ்சினால்

68-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தழை அதிகமாகிவிட்டது, அல்லது குவியல் பெரிதாகிவிட்டது. பசும்புல், கோழி எரு, பழத்தோல் மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். உடனே பிரித்துப் பரப்பி, ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். கால் பங்கு சருகும் குச்சியும் கலந்து, ஈரம் பார்த்து, இரண்டரை அடி உயரத்துக்கு மட்டும் திரும்ப அடுக்குங்கள். சூடாக இருக்கிறதே என்று மேலே பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொட்டாதீர்கள். மேல் பாதி சகதியாகும், நடு வயிறு அப்படியே எரியும்.

உள்ளே சாம்பல் பூத்தது போல வெள்ளையாக இருக்கிறதே என்று ஒரு பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர், சூட்டில் செழிப்பது. நல்ல அடையாளம்தான், ஆனால் அதிகமாக இருந்தால் உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கொல்லை அளவுக் குவியல் தானாகத் தீப்பிடிப்பது மிக அரிது. ஆள் உயரத்துக்கும் மேலே மலைபோலக் கொட்டி, பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருக்கும் இடங்களில்தான் அந்த ஆபத்து.

சூடே ஏறாவிட்டால்

முதலில் மோந்து பாருங்கள். அழுகின முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் மிஞ்சி, காற்று இல்லை: பிரித்து, சருகு கலந்து அடுக்குங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை என்றால் தழை மிஞ்சியிருக்கிறது: மரத்தூளோ கிழித்த அட்டைப்பெட்டியோ சேருங்கள். நாற்றமே இல்லை, எறும்பு புற்று வைத்திருக்கிறது என்றால் காய்ந்துவிட்டது. வாடையும் சரி, ஈரமும் சரி, ஆனாலும் சூடில்லை என்றால் தழை போதாது, அல்லது குவியல் சின்னது. சாணக் கரைசலோ பசும்புல்லோ சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

பழுப்பாக, தட்டையாக, வரிவரியாக ஒரு புழு ஓரங்களில் நெளிந்தால் அது கறுப்புப் படைவீரர் ஈயின் புழு. அசிங்கமாக இருக்குமே தவிர நண்பன்தான். ஈரத் தழை ஓரத்தில் கிடக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறது, உள்ளே தள்ளி மூடுங்கள்.

தென்னை உள்ள வீடுகளுக்கு

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஆறிப்போன, பாதி மக்கிய எருக்குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே முட்டையிடும். வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் கட்டைவிரல் தடிப்புப் புழு வளர்ந்து வண்டாகி, நேரே உங்கள் தென்னையின் குருத்துக்குப் போகும். விரிகிற ஓலையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டின மாதிரி இருந்தால் அதன் வேலைதான். என் இரண்டாவது குவியலை மழைக்குப் பயந்து 3 மாதம் தொடாமல் விட்டேன். பிரித்தபோது 40 புழு எண்ணினேன். அந்த வருஷம் தென்னையில் விரிந்த ஓலையெல்லாம் ரிப்பன் வெட்டின மாதிரி வந்தது.

55 டிகிரியில் நின்று, அடிக்கடி புரண்டுகொண்டிருக்கும் குவியலில் அந்தப் புழுவால் தங்க முடியாது. ஆபத்து சூடு இறங்கின பிறகுதான். ஆகவே ஆறும் கட்டத்தில் உரத்தைத் திறந்த குவியலாக விடாமல், கொசுவலை போர்த்தியோ கண்நெருக்கமான வலைப்பையில் கட்டியோ வையுங்கள். புழு கண்ணில் பட்டால் பொறுக்கி எடுங்கள், காக்கைக்குக் கொண்டாட்டம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை வேளாண் கடைகளில் கிடைக்கும். அந்தப் புழுவைக் கொல்லும் அதைச் சூடு ஆறிய பிறகே கலக்க வேண்டும், முன்னால் கலந்தால் அதுவும் சேர்ந்து வெந்துவிடும்.

பருவத்துக்கு ஏற்ப

சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் அனல்காற்றுதான் எதிரி. கடற்காற்று நுழையும்வரை அது குவியலைச் சுண்டக் காய்ச்சும். கோணியை தினம் இருவேளை நனையுங்கள், போர்வையை 6 அங்குலம் ஆக்குங்கள், உச்சியைத் தட்டு மாதிரிக் குழித்துவிடுங்கள், ஊற்றுகிற தண்ணீர் நடுவில் இறங்கட்டும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை வந்து போகும், தொல்லை இல்லை.

ஐப்பசி, கார்த்திகைதான் பரீட்சை. வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இப்போது உச்சியைக் கோபுரம் மாதிரிக் கூம்பாக்குங்கள். மேலே பந்தலாகத் தார்ப்பாய், சுற்றிலும் விரல் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். தழைக்கு இரண்டு மடங்காகப் போட்ட சருகை இரண்டரை, மூன்று மடங்காக்குங்கள். புயல் அறிவிப்பு வந்தால் புரட்டாதீர்கள், மூடிக் கட்டி விட்டுவிடுங்கள். தெருவில் தண்ணீர் ஏறுகிற பகுதி என்றால் அந்த 2 மாதம் புதிய குவியலே போடாமல், மேடையில் ஒரு டிரம்மில் கழிவைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மார்கழி, தையில் எல்லாம் கூடிவரும்: சருகு, பொங்கல் கழிவு, இதமான காற்று. முதல் குவியல் போடுகிறவர்கள் தையில் தொடங்குங்கள்.

ஆறவிடுதல்

நாலைந்து முறை புரட்டியபின் ஈரம் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால் வெந்து முடிந்தது. உடனே செடிக்குப் போடாதீர்கள். இன்னும் 4 முதல் 8 வாரம் நிழலில், லேசான ஈரத்தோடு, வலைக்குள் கிடக்க வேண்டும். மண்புழு விடுவதென்றால் இப்போதுதான். 35 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தாங்காது. சூடான குவியலில் மண்புழு விட்டு, மறுநாள் ஒன்றையும் காணாமல் விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனதா என்று சோதிக்க, ஒரு பிடியை நனைத்து மூடியுள்ள டப்பாவில் 3 நாள் வையுங்கள். திறந்தால் மண்வாசனை வர வேண்டும், புளித்த வாடை வரக்கூடாது. அடுத்து, பாதி உரம் பாதி மண் கலந்து 20 வெந்தயம் விதையுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் 20. சென்னை வெக்கைக்கு மூன்று நாளில் முளைத்துவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி எழுந்தால் சலித்து எடுங்கள். உரத்தில் மட்டும் பாதிதான் முளைத்து, வேர் பழுப்பாக இருந்தால் பையைக் கட்டி இன்னும் 3 வாரம் மாமரத்தடியிலேயே போட்டு வையுங்கள்.